ஐம்பது வயதாகப் போகிறது: தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த லினன் பாவு இப்போதாவது தறி ஏறலாமா?

ஊடைக்காரி:

அடுத்த மாதம் எனக்கு ஐம்பது முடிகிறது. இருபதுகளில் கைத்தறியில் உட்கார ஆரம்பித்தவள், நடுவில் வேலை, பிள்ளைகள், வீடு மாறுவது என்று எது வந்தாலும் தறியை மட்டும் விட்டதில்லை. கால் மணி நேரம் கிடைத்தால்கூடப் போய் உட்கார்ந்து கொஞ்சம் ஊடை (குறுக்கு இழை) போட்டுவிட்டு எழுந்தால்தான் அன்றைக்கு ஏதோ செய்த மாதிரி இருக்கும். இதைப் படிக்கிற பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். என்னிடம் மெல்லிய லினன் நூல் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. வாங்கிப் பல வருஷம் ஆகிறது. 60 செ.மீ. அகலம், செ.மீ.க்கு 12 இழை, மொத்தம் 720 இழை, நாலு விழுதுச் சட்டம் (இழைகளைக் கண்களில் கோர்த்து ஏற்றி இறக்குகிற சட்டம்), லேஸ் போல இடைவெளி விழுகிற நெசவு, ஒரே பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற ஒரே இழைத் தொகுதியில், ஜன்னல் திரைகள். கணக்கெல்லாம் எப்போதோ போட்டு வைத்துவிட்டேன். கை இன்னும் நன்றாகப் பழகட்டும், மனசு இன்னும் நிதானமாகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது கை பழகிவிட்டது, ஆனால் கண் பின்வாங்குகிறது. கருப்பு நூலை விழுதில் கோர்க்கும்போது எந்த விழுதுக் கண்ணில் எது போனது என்றே தெரிவதில்லை. வலது தோளில் ஒரு வலி, நாடாவை (ஊடை நூலைக் கொண்டுபோகிற ஓடம்) எறிகிற பக்கம், காலையில் எழுந்ததும் கை மேலே போக மறுக்கிறது.

வீட்டில் சொல்வது, பெரிய தறியைக் கொடுத்துவிட்டு மேஜை மேல் வைக்கிற சின்னத் தறி ஒன்றை வைத்துக்கொள், கனமான நூலில் சுலபமாக எதையாவது நெய் என்று. அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இன்னொரு பக்கம், கண் இதைவிட மோசமாவதற்கு முன்னால் மெல்லிய வேலையை எல்லாம் முடித்துவிட வேண்டும் என்று ஒரு அவசரம், ராத்திரி படுத்தால் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. நல்லபடியாக இருந்தால் இன்னும் எத்தனை பாவு ஏற்றுவேன், அதில் இது எத்தனையாவது என்று.

ஐம்பதைத் தாண்டியும் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லுங்கள். மெல்லிய வேலையை முதலில் முடிப்பதுதான் புத்திசாலித்தனமா, இல்லை உடம்பு சொல்வதைக் கேட்டு இறங்கி வருவதா? உங்கள் தறியில், உட்காருகிற முறையில், வெளிச்சத்தில் எதையெல்லாம் மாற்றினீர்கள்? அப்புறம், அந்தப் பிறந்தநாளுக்கென்று யாராவது ஏதாவது நெய்தீர்களா?

---

பழைய தறி:

தங்கச்சி, எனக்கு அறுபத்தெட்டு. முதலில் அந்தத் தறியைக் கொடுக்கிற பேச்சை நிறுத்துங்கள். அதை அப்புறம் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். கொடுத்துவிட்டால் திரும்பி வராது.

கண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பயப்படுவது அதற்குத்தான், பயம் பாதி தேவையில்லாதது. நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பது மங்கும், எல்லோருக்கும் உள்ளதுதான். ஐம்பதில் அது நடுவழியில் இருக்கும், அறுபது அறுபத்தைந்து வாக்கில் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். அதாவது வருஷத்துக்கு வருஷம் கண்ணாடி மாற்ற வேண்டியிருப்பதைப் பார்த்து இப்படியே போனால் எழுபதில் என்ன ஆகும் என்று நீங்கள் போடுகிற கணக்கு தப்பு, அது அப்படியே நேர்கோட்டில் போவதில்லை. கண்புரை, கண் அழுத்தம் எல்லாம் வேறு விஷயம், அதற்குத் தவறாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும், அதில் அலட்சியம் கூடாது. ஆனால் விழுதுக் கண் தெரியவில்லை என்பதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடிதான்.

படிக்கிற கண்ணாடியைப் புத்தகத் தூரத்துக்குத்தான் தருவார்கள், சுமார் 40 செ.மீ. தறியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஊடை விழுகிற இடம் அதைவிடத் தள்ளி இருக்கிறது, என் தறியில் 60-ஐத் தாண்டும். அந்தக் கண்ணாடியோடு உட்கார்ந்தால் என்ன செய்வோம்? தெரியவில்லை என்று குனிவோம். நாள் முழுக்கக் குனிந்தால் கழுத்து போகும், கழுத்து போனால் தோளும் கூடவே போகும். மேலே தூரம் கீழே கிட்டம் என்று ஒரே கண்ணாடியில் எல்லாம் இருப்பது இன்னும் மோசம், கிட்டப்பார்வை கீழ்ப்பகுதியில்தான் இருக்கும் என்பதால் தாடையைத் தூக்கிக்கொண்டே நெய்வீர்கள். அளவுநாடாவை எடுத்து, வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, கண்ணிலிருந்து ஊடை விழுகிற இடம் எவ்வளவு, விழுது கோர்க்கும்போது எவ்வளவு என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்களை எழுதிக்கொண்டு போய், இந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரே சக்தியில் ஒரு கண்ணாடி வேண்டும் என்று கேளுங்கள். நான் அதைத் தறியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன், வேறு எதற்கும் போடுவதில்லை.

கருப்பு நூலுக்கு: விழுதுகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். வெள்ளை நூலுக்குக் கருப்புத் துணி. வெளிச்சம் உச்சந்தலைக்கு மேலிருந்து வந்தால் உங்கள் தலை நிழலே வேலை மேல் விழும், பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு சிலருக்குப் பிடிக்கிறது, எனக்கு அதில் தலை சுற்றும். அப்புறம் 720 இழையையும் ஒரே நாளில் கோர்த்து முடிக்கிற வீம்பு வேண்டாம். மாதிரி எத்தனை இழைக்கு ஒரு முறை திரும்ப வருகிறதோ அத்தனை இழைகளைக் கோர்த்ததும் சரிபார்த்து, ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து நடங்கள். தப்பு இருந்தாலும் அந்தக் கட்டுக்குள்ளேயே பிடித்துவிடலாம்.

மெல்லிய வேலையைக் கண் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கும் அந்த வயதில் இருந்தது. இப்போது என் பாவு அன்றைக்கு இருந்ததைவிட மெல்லியது. முப்பதில் கண் பார்த்துச் செய்த பாதி வேலையை இப்போது விரல் செய்கிறது, ஒரு இழை தொய்ந்திருந்தால் கண்ணுக்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஏற்றுங்கள்.

---

நாலு மிதி:

அக்கா, கண்ணைப் பற்றிப் பழைய தறி அம்மா சொல்லிவிட்டார், நான் தோளைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நாற்பத்தாறில் எனக்கு அதுதான் வந்தது.

கை மேலே போக மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலிப்பது வேறு, போகவே மறுப்பது வேறு. நீங்களாகத் தூக்கினாலும் போகவில்லை, இன்னொருவர் பிடித்து மெதுவாகத் தூக்கினாலும் ஒரு இடத்துக்கு மேல் போகவில்லை என்றால் அது உறைந்த தோளாக இருக்கலாம், மூட்டைச் சுற்றியிருக்கிற உறை தடித்து இறுகிப்போவது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்தான் அதிகம் வரும், பெண்களுக்குக் கூடுதல், சர்க்கரை இருந்தால் இன்னும் கூடுதல். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரைகூட எடுக்கும். நாடா எறிந்து எறிந்து வந்த வலி என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது, காட்டுங்கள், சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். பாவு ஏற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள் அக்கா, இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

இனி தறி. நீங்கள் உட்காருகிற பலகையின் உயரம் சரியா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பெரும்பாலோர் முதல் நாள் வைத்த உயரத்திலேயே ஆயுசு முழுக்க உட்காருகிறார்கள். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், தோளைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால் முழங்கை முன்மரத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். பலகை தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு ஊடைக்கும் தோளைத் தூக்கித்தான் நாடா எறிவோம், அது ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை என்று யோசித்துப் பாருங்கள். அடியில் கட்டை வைத்து உயர்த்தினாலே போதும்.

அடுத்து மிதி. உங்கள் தறி எந்த வகை என்று எழுதவில்லை. மிதித்தால் விழுதுச் சட்டங்கள் மேலே மட்டும் எழும்புகிற வகை என்றால் அந்தச் சட்டங்களின் எடை முழுக்க உங்கள் காலில்தான். ஒன்று இறங்கினால் மற்றது ஏறுகிற மாதிரி உருளையிலோ கப்பியிலோ கட்டியிருக்கிற வகையில் எடையோடு எடை சமன்பட்டுவிடும், கால் லேசாக வைத்தாலே போதும். ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாக ஏற்றவும் இறக்கவும் செய்கிற வகையும் மிதிக்க லேசுதான், பாவு திறப்பது அவ்வளவு சுத்தமாக இருக்கும், லினன் மாதிரி நீளாத நூலுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதில் கயிறு கட்ட ஒவ்வொரு பாவுக்கும் தறிக்கு அடியில் தவழ வேண்டும், முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் நெய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாலு சட்டத்துக்கு மேல் போகப் போவதில்லை என்றால் சமன்படுகிற வகையே போதும்.

60 செ.மீ. அகலம் என்பது உங்கள் தோளுக்கு ஒன்றும் அதிகம் இல்லை. அதைவிட அகலமாக நெய்ய ஆசை வந்தால் கயிறு இழுத்து ஓட்டுகிற விசைநாடா இருக்கவே இருக்கிறது. 1733-ல் ஜான் கே அதற்குக் காப்புரிமை வாங்குவதற்கு முன்னால் கைக்கு எட்டாத அகலம் என்றால் தறிக்கு இரண்டு ஆள் உட்கார வேண்டியிருந்தது, அந்தக் கருவி வந்த பிறகு ஒரே ஆள், ஒரே கை, தோளை விரிக்கவே வேண்டாம். கைத்தறிதானா அது என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எனக்குத் தோள் சரியாக ஒன்றரை வருஷம் ஆனது. அந்தக் காலம் முழுக்க குறுகலான பட்டைகள்தான் நெய்தேன், இடது கையால் எறியப் பழகினேன். இப்போது இரண்டு கையும் ஒரே மாதிரி ஓடுகிறது, என் கரை ஓரம் முன்னைவிட நேராக இருக்கிறது.

---

வண்ண இழை:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடி மாற்று, பலகையை உயர்த்து, மெல்லியதை ஏற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள், எல்லாம் சரிதான். ஆனால் மெல்லிய நூல்தான் உச்சம், மற்றதெல்லாம் இறக்கம் என்று யார் சொன்னது? 'இறங்கி வருவதா' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த இடத்தில்தான் உறுத்தியது.

ஜப்பானில் மிசாவோ ஜோ என்று ஒரு அம்மா இருந்தார், 1913-ல் பிறந்தவர். ஐம்பதுகளின் பிற்பகுதியில்தான் நெய்யவே ஆரம்பித்தார். ஒரு துணியில் பாவு இழை ஒன்று விடுபட்டிருந்தது, அதைப் பார்த்தவர் பழுது என்றார், இவருக்கு அந்தக் கோடு அழகாகத் தெரிந்தது. அப்புறம் வேண்டுமென்றே இழைகளை விட்டு நெய்தார், அதிலிருந்து பிறந்ததுதான் 'சாவோரி' நெசவு. அதில் பழுது என்ற பேச்சே கிடையாது, யார் நெய்கிறாரோ அவர் துணியில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள், வயதானவர்கள், பிள்ளைகள் எல்லோரும் அதில் நெய்கிறார்கள். அந்த அம்மா நூற்று நாலு வயது வரை இருந்தார். அவருடைய நெசவு வாழ்க்கை முழுவதும் உங்களுடைய இந்தப் பிறந்தநாளுக்கு அப்புறம் நடந்தது.

இத்தனை வருஷம் இழையை எண்ணி, அளந்து, திட்டமாக நெய்தவருக்கு ஐம்பதில் வேறு ஒரு கதவும் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். மீதி நூல்களை எல்லாம் எடுத்து, படம் போடாமல், கணக்குப் போடாமல், பிறந்தநாளன்று காலையில் உட்கார்ந்து கை போகிற போக்கில் நெய்து பாருங்கள். அது பிடிக்காமல் போனால் லினனுக்குப் போங்கள். ஆனால் கனமான நூல் என்றாலே ஓய்வு என்று எண்ணி அழுகை வருகிற நிலையில் எதை ஏற்றினாலும் அது பயத்தில் ஏற்றியதாகத்தான் இருக்கும்.

---

பழைய தறி:

வண்ண இழை சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்த அம்மாவின் துணிகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன், மனசு நிறையும். ஆனால் ஒன்று. இந்தத் தங்கச்சி கேட்டது மெல்லியது உசத்தியா என்று அல்ல. பல வருஷமாகக் கணக்குப் போட்டு வைத்து ஆசைப்பட்ட ஒன்றை விடலாமா என்று. ஆசைப்பட்டது கரடுமுரடான கம்பளமாக இருந்திருந்தால் அதையும் ஏற்று என்றுதான் சொல்லியிருப்பேன். நூலின் பருமனை விடுங்கள், ஒரு நெசவுக்காரிக்குத் தள்ளிப்போட்ட பாவு என்பது மனசில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், அது இறங்காமல் வேறு எதிலும் முழுசாக மனசு போகாது. திட்டமில்லாமல் நெய்வதும் அப்புறம் இன்னும் நன்றாக வரும்.

---

மாதிரித் துணி:

எல்லோரும் மனசைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் அந்தப் பெட்டியில் இருக்கிற நூலைப் பற்றிக் கவலைப்படுகிறேன். பல வருஷம் இருந்தது என்கிறீர்கள். எந்த மாதிரி இடத்தில்?

லினன் இருட்டில், காய்ந்த இடத்தில் இருந்திருந்தால் நெடுநாள் தாங்கும். வெளிச்சம் பட்டிருந்தால் மேல் சுற்று வலுவிழந்திருக்கும், உள்ளே நன்றாக இருக்கலாம். ஈரம் தங்கியிருந்தால் பூஞ்சை பிடிக்கும், அது நாரையே தின்னும், புழுங்கிய வாடை அடித்தால் சந்தேகப்படுங்கள். ஒரு கண்டிலிருந்து மேல் சுற்றில் ஒரு முழம், அதை உருவிக்கொண்டே போய் உள் சுற்றில் ஒரு முழம் எடுத்து இரண்டு கையிலும் பிடித்துச் சுண்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி எதிர்த்தால் சரி. மேலே உள்ளது பொடிந்த மாதிரி அறுந்தால் அதை ஊடைக்கு ஒதுக்குங்கள், பாவுக்கு வேண்டாம். பாவு இழைதான் ஒவ்வொரு மிதிக்கும் இழுபட்டு, அச்சில் (இழைகளை இடைவெளி விட்டு நிறுத்துகிற சீப்பு) உரசி, அடி வாங்குகிறது, ஊடை ஒரு முறை போய் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான்.

செ.மீ.க்கு 12 என்ற கணக்கு எப்படி வந்தது? அளவுகோலில் நூலை நெருக்கமாகச் சுற்றி எண்ணிப் பாதியாக்கியதா? சாதா நெசவுக்கு அது நல்ல தொடக்கம். லேஸ் நெசவில் இழைகள் கூடிக் கூடி நின்று நடுவில் வெளி விடும், தறியில் இருக்கும்போது அந்த வெளி சரியாகத் தெரியாது, இறக்கித் துவைத்த பிறகுதான் இழைகள் நகர்ந்து ஓட்டை விழும். அதனால் மாதிரி நெய்யாமல் 720 இழையைப் போடாதீர்கள். 15 செ.மீ. அகலத்தில் ஒரு சின்னப் பாவு. அதில் கொஞ்ச தூரம் 12-லும், அச்சை மாற்றிக் கோர்த்துக் கொஞ்ச தூரம் 10-லும் நெய்து, இறக்கி, அகல நீளம் அளந்து, சூடான தண்ணீரில் துவைத்து, ஈரம் இருக்கும்போதே நன்றாக அழுத்தித் தேய்த்து, மறுபடி அளந்து பாருங்கள். திரைச்சீலை என்பதால் ஜன்னலில் தொங்கவிட்டும் பார்க்க வேண்டும், மடியில் வைத்துப் பார்க்கும்போது இருப்பது வேறு, பின்னால் வெளிச்சம் வரும்போது தெரிவது வேறு.

அப்புறம் அந்த வயசுக் கணக்கு. அமெரிக்க நெசவுக் கலைஞர் லெனோர் டானியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1907-ல் பிறந்தவர், நாற்பதை ஒட்டித்தான் நெசவு கற்றார். ஐம்பதாவது வயதில், 1957-ல், சிகாகோவில் பழகிய வாழ்க்கையை விட்டுவிட்டு நியூயார்க்கில் ஒரு பழைய கட்டடத்தில் போய்த் தறியைப் போட்டார். பாவை நெருக்காமல், பெரிய பெரிய வெளி விட்டு அவர் நெய்த துணிகளைப் பார்த்து அது நெசவே இல்லை என்றவர்கள் உண்டு. நீங்கள் நெய்யப் போகிற இடைவெளி நெசவுக்கு அவர் ஒரு வகையில் பாட்டி முறை. அவரும் நூறு வயது வரை இருந்தார். ஆனி ஆல்பர்ஸுக்கு நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைத்தது 1949-ல், அங்கே நெசவுக் கலைஞர் ஒருவருக்குக் கிடைத்த முதல் தனிக் கண்காட்சி. அவர் பிறந்தது 1899. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பிற்பாடு தறியை விட்டு அச்சுப்படக் கலைக்குப் போனார், அதுவும் உண்மைதான், அறுபதைத் தாண்டி, தானாக ஆசைப்பட்டுப் போனார். 1922-ல் கைதானபோது தொழில் என்ன என்ற கேள்விக்கு விவசாயி, நெசவாளர் என்று சொன்ன காந்திக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

---

புதுப்பாவு:

உங்களுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. எனக்கும் இந்த வருஷம் ஐம்பதுதான். நெய்ய ஆரம்பித்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. இதைக் கைக்கு வந்த கலை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் நாள் ஆகும். நீங்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பதைப் படித்தபோது அதில் பாதி எனக்குப் புரியவில்லை, அகராதி மாதிரி ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். ஊடைக்காரி, நீங்கள் நெய்யும்போது எழுதுங்கள். எத்தனை எடையில் நூல், எந்த அச்சு, எங்கே இழை அறுந்தது, எப்படி ஒட்டினீர்கள், துவைப்பதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று. ஒரு ஓரத் துண்டை வெட்டி அந்தக் குறிப்போடு தைத்து வையுங்கள். என்னைப் போல் தாமதமாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, இந்த மாதிரி எழுதி வைத்ததை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறோம்.

---

ஊடைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை படித்தேன், அம்மா எழுதியதை வீட்டில் உரக்கவே வாசித்துக் காட்டினேன். தறியைக் கொடுக்கிற பேச்சு அத்தோடு நின்றது.

தோளைக் காட்டிவிட்டு வந்தேன், தம்பி. உறைந்த தோள்தான், ஆரம்ப நிலை, சர்க்கரை இல்லை. பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நெய்யலாம், வலிக்கிற எல்லையைத் தாண்டக் கூடாது என்றார்கள். பலகையைக் கொஞ்சம் உயர்த்தினேன், உடனே வித்தியாசம் தெரிந்தது, இத்தனை நாள் தோளைத் தூக்கிக்கொண்டேதான் எறிந்திருக்கிறேன் போல. என் தறி மேலே மட்டும் எழும்புகிற வகைதான். இப்போதைக்கு அதை மாற்றப் போவதில்லை, நாலு சட்டத்தின் எடையைக் கால் தாங்குகிறது.

கண்ணாடிக்கு அளந்துகொண்டு போனேன். ஊடை விழுகிற இடம் 63 செ.மீ., விழுது கோர்க்கும் இடம் முன்மரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே தாழ்வாக உட்கார்ந்தால் 45. இரண்டுக்கும் ஒன்று போதாது என்பதால் இரண்டு தனித்தனிக் கண்ணாடி செய்யச் சொல்லியிருக்கிறேன்.

வண்ண இழை, நீங்கள் எழுதியது குத்தியது, ஆனால் சரியான இடத்தில் குத்தியது. கனமான நூலைக் கீழாக நினைப்பது எனக்கே தெரியாமல் உள்ளே இருந்திருக்கிறது. பிறந்தநாளன்று நீங்கள் சொன்ன மாதிரிதான் செய்யப் போகிறேன், மீதி நூல்கள், கணக்கு இல்லாமல், குறுகலாக, தோளுக்கும் அது நல்லது. லினன் பாவைப் பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவை எடுத்துவிட்டேன். அந்தத் தேதிக்கும் இந்தத் துணிக்கும் சம்பந்தம் இல்லை, இந்த வயதில் ஆரம்பித்தேன் என்றால் போதும், என்றைக்கு முடிந்தாலும் சரி.

நூலைச் சுண்டிப் பார்த்தேன், உள்ளும் வெளியும் ஒன்றுபோல் இருக்கிறது, வாடை இல்லை. மாதிரிப் பாவு ஓட்டியாகிவிட்டது. 10-லும் 12-லும் நெய்து துவைத்து அளந்ததை முழுக்க எழுதுகிறேன், புதுப்பாவு, உங்களுக்காகவே துண்டோடு குறிப்பும் வைக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். மாதிரியிலேயே கரை ஓர இழை இரண்டு முறை அறுந்துவிட்டது, மதியத்தில், காற்று காய்ந்திருக்கும்போது. காலையில் நெய்தால் அறுவதில்லை. 720 இழையில் இப்படி ஆனால் என்ன செய்வது?

---

மாதிரித் துணி:

லினன் காய்ந்தால் அப்படித்தான், நனைந்தால் வலு கூடும், கம்பளி மாதிரி அல்ல, அது நேர் எதிர். அறைக்குள் ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். விழுதுக்குப் பின்னால் பாவின் மேல் பிழிந்த ஈரத்துணி ஒன்றைப் படுகிற மாதிரி தொங்கவிடுங்கள், சொட்டக் கூடாது. ஊடை நூல் சுற்றிய தாரை நாடாவில் வைப்பதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஊடையும் நெருங்கி உட்காரும். எழுந்து போகும்போது படைமரத்தின் (நெய்த துணி சுற்றுகிற மரம்) இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுப் போங்கள், ராத்திரி ஈரத்துக்கும் பகல் காய்ச்சலுக்கும் பாவு இழுபடாமல் இருக்கும். கரை ஓரத்தில் கடைசி நாலைந்து இழைகளை விழுதில் இரட்டையாகக் கோர்த்தால் அறுவது குறையும். உள்ளே இழுக்காத அளவுக்கு ஊடையைக் கொஞ்சம் சாய்வாக, தளர்வாக விட்டு அடியுங்கள், பெரும்பாலும் கரை அறுவதற்குக் காரணம் அந்த இழுப்புதான்.

---

நாலு மிதி:

இரட்டை இழை போட்டால் அச்சில் அந்தப் பல்லில் உரசல் கூடும் அக்கா, அங்கே மட்டும் கொஞ்சம் கஞ்சி கூடுதலாகத் தடவிக் காயவிட்டு நெய்யுங்கள். மாதிரியில் இன்னும் பாவு மீதி இருக்கிறதல்லவா, அதிலேயே இதையும் பார்த்துவிடலாம்.